சூட்டைக் கழற்றுவதா, நட்டைக் கழற்றுவதா: டீசல் பிக்கப்பின் இன்டேக் ஹீட்டர்

கால்கரியில் குளிர்காலத்தில் பனி வழிக்கும் வேலையும் மற்ற மாதங்களில் கூரை வேலையும் செய்கிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நவம்பர் மாதம் போன் செய்தார். அவரிடம் இருப்பது 2014 மாடல் ராம் 2500. 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல். "அண்ணை, இந்த ஹீட்டரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வெறும் தகட்டால மூடிவிடட்டோ? தெரிஞ்ச பெடியங்கள் எல்லாரும் அதைத்தான் செய்யினம்" என்றார்.

நான் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். "தம்பி, வண்டி ராத்திரி எங்கே நிக்குது? மத்தியானம் எங்கே நிக்குது?"

சுற்றி வளைக்கிற கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்த ஹீட்டரை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா, வேறு மாட்டுவதா என்ற சண்டையில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, உங்கள் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்பதில். இது தெரியாமல் 'எல்லாரும் கழற்றுகிறார்கள்' என்று ஸ்பேனரை எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த ஹீட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். 17-க்கு 1 என்ற விகிதத்தில் அமுக்குகிற இன்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற காற்று 20 டிகிரி செல்சியஸ் என்றால், தோராயக் கணக்கில், அமுக்கி முடிக்கும்போது அது 500 டிகிரியைத் தாண்டும். அதே காற்று மைனஸ் 25-இல் இருந்தால் 400-ஐத் தொடுவதே கஷ்டம். போதாததற்கு, குளிரில் பேட்டரி பலம் குறைந்திருக்கும், ஆயில் தேன் மாதிரி கெட்டியாகியிருக்கும், செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கின சூடு சிலிண்டர் சுவரிலேயே கரைந்துவிடும். டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பழுக்கக் காய்கிற ஒரு குச்சியை வைப்பது. அது குளோ பிளக். இன்னொன்று, உள்ளே போகிற காற்றையே வழியில் சூடாக்கி அனுப்புவது. அது இன்டேக் ஹீட்டர். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் வாசலில் ரொட்டி சுடும் டோஸ்டருக்குள் இருக்கிற மாதிரி ஒரு கம்பிப் பட்டை. கிரிட் ஹீட்டர் என்பார்கள்.

ஃபோர்டும் செவர்லேயும் தங்கள் வி8 டீசல்களில் முதல் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1989 மாடலில் டாட்ஜ் (இன்றைய ராம்) பிக்கப்புக்குள் நுழைந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் மட்டும் இரண்டாவது வழியில் வந்தது. அதில் குளோ பிளக்கே கிடையாது. (அந்த பி வரிசை இன்ஜின் நமக்கு அந்நியமில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தொழிற்சாலையில் உருவாகி டாடா லாரிகளில் ஓடியது அதே குடும்பம்தான். நாமக்கல் பக்கம் அதை ஓட்டினவர்களிடம் மைனஸ் 25 பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.)

ஆக, 'டீசல் பிக்கப்பில் இன்டேக் ஹீட்டர் தேவையா' என்ற பொதுக் கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. வண்டி வாரியாகத்தான் பேச முடியும்.

ஃபோர்டு 7.3: கழற்றினால் நஷ்டமில்லை

1990-களின் நடுவிலிருந்து 2003 வரை வந்த 7.3 பவர் ஸ்ட்ரோக்கிலும் ஒரு இன்டேக் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் வண்டியைக் கிளப்புவதில் அதற்குப் பங்கில்லை. கிளப்புகிற வேலை முழுக்க எட்டு குளோ பிளக்குகளுடையது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு, கடும் குளிரில் ஐட்லிங்கில் வெள்ளைப் புகையைக் குறைக்கத்தான் அந்த ஹீட்டர். காற்று வழியின் நடுவில் ஒரு கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி ஒரு அடைப்பானை மாட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஒரு வித்தியாசமும் இருக்காது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

செவர்லே, ஜிஎம்சி வண்டிகளின் 6.6 டியூராமாக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எட்டு குளோ பிளக்கும் உண்டு. 2006-ஐ ஒட்டி வந்த எல்பிஇசட், அதன் பிறகு வந்த எல்எம்எம் போன்ற டியூராமாக்ஸ் வகைகளில் துணைக்கு ஒரு இன்டேக் ஹீட்டரும் உண்டு. குளோ பிளக் எட்டும் நல்ல நிலையில் இருந்தால் அந்த ஹீட்டர் இல்லாமலும் வண்டி கிளம்பும், முதல் ஒரு நிமிஷம் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் ஒன்றிரண்டு பிளக் செத்துப்போன பழைய வண்டியில் ஹீட்டரையும் கழற்றினால் முதல் குளிரில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் பிளக்குகளைச் சோதியுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

கம்மின்ஸ்தான் விவகாரம்.

கம்மின்ஸ் 5.9: சும்மா இருக்கிற சங்கை ஊதாதீர்கள்

பழைய 12 வால்வு, 1998 நடுவில் வந்த 24 வால்வு, 2003-இல் வந்த காமன் ரெயில் என 5.9-இல் மூன்று தலைமுறை. மூன்றிலும் கிரிட் ஹீட்டர் உண்டு. முதல் இரண்டில் இரண்டு கம்பிச் சுருள், இரண்டு பெரிய ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்). ஒவ்வொரு சுருளும் 95 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 190 ஆம்பியர், அதாவது இரண்டு கிலோவாட்டுக்கு மேல். வீட்டில் இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னிடம் இருந்தது 2001 மாடல் 24 வால்வு. காற்று 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாவியைத் திருப்பியதும் 'பொறு' என்று விளக்கு எரியும். குளிரைப் பொறுத்து 10 நொடியிலிருந்து 30 நொடி வரை. விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தால் கிளம்பும். ஹீட்டரின் வேலை அதோடு முடியாது. ஓடத் தொடங்கிய பிறகும் விட்டு விட்டு எரியும். ஹெட்லைட் மங்கி மங்கிப் பிரகாசமாகும், வோல்ட் மீட்டர் முள் விழுந்து எழும். புதிதாக வாங்கினவர்கள் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். வண்டி கொஞ்சம் வேகமெடுத்து ஓட ஆரம்பித்ததும் அது தானாக நின்றுவிடும்.

பலர் மறந்துவிடுவது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். "என் வண்டி ஹீட்டர் இல்லாமலே மைனஸ் 10-இல் ஸ்டார்ட் ஆகுது" என்று சொல்வார்கள். ஆகும், நான் மறுக்கவில்லை. இறுக்கம் குறையாத கம்மின்ஸ், நல்ல பேட்டரி, குளிரிலும் இளக்கமாக ஓடும் 5டபிள்யூ-40 ஆயில் என்றால் கட்டாயம் ஆகும். ஆனால் ஸ்டார்ட் ஆன பிறகு இரண்டு மூன்று சிலிண்டர்கள் பற்றாமல் தடதடக்கும். பற்றாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போகும். பின்னால் நிற்கிறவர் கண் எரியும். குளிர்காலம் முழுக்க இப்படித் தினமும் இரண்டு தடவை என்றால் அது கணக்கில் வராமல் போகாது.

5.9-இல் ஹீட்டரைக் கழற்றச் சொல்பவர்கள் முன்வைக்கும் காரணம் காற்றோட்டம். வழியில் கம்பி வலை இருக்கிறதே, அதை எடுத்தால் இழுவை கூடும் என்கிறார்கள். டர்போ காற்றை அழுத்தித் தள்ளுகிற இன்ஜினில், கம்பெனி அமைப்பில் ஓடுகிற வண்டியில், அந்த வலை பெரிய தடையே இல்லை. பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டரும் போட்டு இழுவைப் போட்டிக்குப் போகிறவருக்கு அது பொருந்தலாம். மற்றவர்களுக்கு அது மனத்திருப்தி மட்டும்தான்.

5.9-இல் பழுது வந்தால் பெரும்பாலும் ரிலேயில் வரும், அல்லது கம்பி முனை துருப்பிடித்து வரும். இரண்டும் வெளியே கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பவை. உள்ளே எதுவும் உடைந்து விழுவது அரிது. ஆகவே என் கட்சி, 5.9 வைத்திருந்தால் ரிலேயை மாற்றுங்கள், முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், ஹீட்டரை விட்டுவிடுங்கள். வருஷம் முழுக்க ஃபுளோரிடாவிலோ தெற்கு டெக்சாஸிலோ நிற்கிற வண்டி என்றால் கழற்றினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அங்கே அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

அந்த 2001 வண்டியில் ஹீட்டர் கேஸ்கட்டை மாற்றும்போது நான் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். காற்று வரும் வளைவுக் குழாயான எல்போவைத் தூக்கியதும் மேனிஃபோல்டின் வாய் திறந்து கிடந்தது. ஒரு துணியை அடைத்திருக்கலாம், அடைக்கவில்லை. கையிலிருந்து ஒரு வாஷர் நழுவி ணங் என்று உள்ளே போனது. காந்தக் குச்சியை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் துழாவினேன். மார்ச் மாதக் குளிரில் சட்டை முழுக்க வேர்வை. கடைசியில் வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தபோது கும்பிடத் தோன்றியது. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் முதல் வேலை துணி அடைப்பது. எத்தனை துணி உள்ளே போனது என்று எண்ணி வைப்பது இரண்டாவது வேலை.

ஒரு வாஷர் நம் கையிலிருந்து நழுவினால் இந்தப் பாடு. 6.7-இல் அதே விபத்து இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நடக்கிறது.

கம்மின்ஸ் 6.7: குற்றவாளி ஹீட்டர் அல்ல

2007 நடுவில் வந்த 6.7-இல் மாசுக் கட்டுப்பாட்டுக்காக புகைபோக்கிக் காற்றில் கொஞ்சம் திரும்ப உள்ளே விடுகிற ஈஜிஆர் வந்தது, புகை வடிகட்டியும் வந்தது. ஈஜிஆர் வழியே வருகிற கரி, ஆயில் ஆவியோடு கலந்து இன்டேக் முழுவதும் தார் மாதிரி படியும். கிரிட் ஹீட்டரும் அந்தக் கரியிலேயே குளிக்கிறது. ஹீட்டரை மேனிஃபோல்டின் மேல்மூடித் தகட்டின் அடிப்பக்கத்தில் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற ஸ்டட்டில் (மரை போட்ட முனையில்) பேட்டரிக் கம்பி மாட்டியிருக்கும். அந்த மின்சாரம் தகட்டைத் தாண்டி உள்ளே போய், ஒரு போல்ட், நட்டு வழியாகத்தான் கம்பிச் சுருளைச் சேர்கிறது. அந்த இணைப்பு இருப்பது காற்று வழிக்குள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 100 ஆம்பியர் போகிற இணைப்பு ஒன்று கொஞ்சம் தளர்ந்து, அதன் தடை 10 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓம் என்ற அளவில் அது நூற்றில் ஒரு பங்கு, சாதாரண மல்டிமீட்டரில் ஒழுங்காகத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அந்த ஒரே புள்ளியில் எரிகிற சக்தி 100 வாட். நல்ல பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றை ஒரு போல்ட் கழுத்தில் வைத்து அழுத்தியதற்குச் சமம். காய்ந்தால் விரியும், ஆறினால் சுருங்கும், இன்னும் தளரும், தடை இன்னும் கூடும், இன்னும் காயும். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை இது எரிந்து அணைகிறது என்று யோசியுங்கள். இதோடு இன்ஜினின் அதிர்வு வேறு. கடைசியில் போல்ட்டின் கழுத்து அரித்து மெலிந்து, ஒருநாள் முறியும். முறிந்த துண்டும் நட்டும் மேனிஃபோல்டுக்குள் விழும்.

விழுந்தது அங்கேயே கிடக்காது. காற்று அதை ஏதோ ஒரு வால்வின் பக்கம் உருட்டிக்கொண்டு போகும். பெரும்பாலும் கேபினை ஒட்டிக் கடைசியில் இருக்கிற 6-ஆவது சிலிண்டர்தான் அதைத் தின்னும். பிஸ்டன் தலையில் கொத்து கொத்தாகப் பள்ளம், வால்வு வளைவு, சிலிண்டர் ஹெட் நாசம். அமெரிக்காவில் இதை 'கொலைகார போல்ட்' என்றே சொல்கிறார்கள். இன்ஜினை மாற்ற வேண்டிவந்தால் பல்லாயிரம் டாலர்.

எல்லா வண்டியிலும் நடக்குமா என்றால் இல்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஒன்றும் ஆகாத 6.7-கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் நடந்தால் விலை இவ்வளவு என்பதால்தான் எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தில் வெந்ததையும் வேகாததையும் சேர்த்துத் தூக்கி எறிகிறார்கள். ஆபத்து அந்த நட்டில் இருக்கிறது, சூட்டில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போவது என்பது சுலபமாகிவிடும்.

உங்கள் வண்டியில் நட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை. பேட்டரி முனைகளைக் கழற்றிவிட்டு, வெளியே இருக்கும் ஸ்டட்டைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ சுற்றினாலோ உள்ளே வேலை முடிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சோதனை, குளிர்ந்த காலையில் சாவியைப் போட்டு ஹீட்டர் எரியும்போது பேட்டரியின் பாசிட்டிவுக்கும் அந்த ஸ்டட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கம்பியிலோ ரிலேயிலோ கோளாறு. அது நன்றாக இருந்து, ஆனால் காலையில் வோல்ட் மீட்டர் முள் விழாமல் அப்படியே நின்றால், மின்சாரம் உள்ளே சுருளுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் பி2609 அல்லது பி0540 என்று பிழைக் குறியீடு விழுந்தால் 'ஏதோ சென்சார்' என்று அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். அது அந்த நட்டின் கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம்.

சரி, நட்டு மேல் சந்தேகம் வந்துவிட்டது. இனி மூன்று வழி.

கம்பெனியின் அதே பாகத்தைப் புதிதாக வாங்கி மாட்டலாம். கம்ப்யூட்டர் முணுமுணுக்காது, சட்டத் தொல்லை இல்லை, குளிரில் பழையபடி கிளம்பும். ஆனால் அதே நட்டு, அதே இடத்தில், அதே கரிக்குள். பத்து வருஷம் ஓடினது இன்னொரு பத்து வருஷம் ஓடும் என்று நம்பலாம். ஐந்தாறு வருஷத்தில் வண்டியை விற்றுவிடுவேன் என்பவருக்கு இது போதும்.

இரண்டாவது, கழற்றிவிட்டு வெறும் தகடு மாட்டுவது. பாகத்தின் விலை இதில்தான் குறைவு. விழுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்பதால் நிம்மதி. ஆனால் இதை விற்கிறவர்கள் சத்தமாகச் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. ஹீட்டர் இல்லையென்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும், செக் இன்ஜின் விளக்கு எரியும். அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு வேறொரு உண்மையான கோளாறு வரும்போது உங்களுக்குத் தெரியாது. கழற்றிய பேட்டரிக் கம்பியை டேப் சுற்றி எங்கேயோ செருகிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிலே இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒவ்வொரு குளிர்ந்த காலையிலும் அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பும். அதிர்வில் டேப் தேய்ந்து இரும்பில் பட்டால் தீதான். கழற்றுவதென்றால் கம்பியை பேட்டரியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சட்டம். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டுக்காக வண்டியில் பொருத்தப்பட்ட பாகத்தைக் கழற்றுவதும் முடக்குவதும் குற்றம். குளிரில் வெள்ளைப் புகையை அடக்குவது இந்த ஹீட்டரின் வேலைகளில் ஒன்று. 'சாலைக்கு அல்ல, பந்தயத்துக்கு மட்டும்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பதற்குக் காரணம் அதுதான். கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதலான டீசல் பிக்கப்புகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. அங்கே பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். அங்கே இருக்கிறவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

மூன்றாவது, நட்டு உள்ளே விழ முடியாத அமைப்புள்ள வேறு ஹீட்டரை மாட்டுவது. பேங்க்ஸ் நிறுவனத்தின் மான்ஸ்டர் ராம் மாதிரி. எல்போவும் தகடும் புதிது, கூடவே தன் ஹீட்டரும் உண்டு. பழைய ஹீட்டரையே வைத்துக்கொண்டு அந்த போல்ட் இணைப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கும் சின்ன கிட்டுகளும் கிடைக்கின்றன. விலை கூடத்தான். ஆனால் சூடும் இருக்கும், நட்டு பயமும் போகும். கலிஃபோர்னியாவில் வாங்குகிறவர்கள் அந்த மாநிலத்தின் அனுமதி எண் உள்ள பாகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பலர் பாகத்தின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு. 6.7-இல் அந்த மேல்மூடியைத் தூக்க வேண்டுமென்றால், மேலே குறுக்கே ஓடுகிற ஹை பிரஷர் டீசல் குழாய்களைக் கழற்ற வேண்டும். அந்தக் குழாய்களில் 1,800 பார் வரை அழுத்தம் ஏறும். இன்ஜின் ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ அதில் கை வைக்கக்கூடாது, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் உடனே மூடி போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க. திரும்ப மாட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பழகின மெக்கானிக்குக்கே பாதி நாள் வேலை.

பழையதைப் புதுசாக்கினாலும், தகடு மாட்டினாலும், வேறு ஹீட்டர் போட்டாலும் இந்தக் கூலி ஒன்றுதான். எனவே வெறும் தகட்டுக்கும் நல்ல ஹீட்டருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் சில நூறு டாலர் பாக விலை மட்டுமே. வண்டியைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு அந்தச் சில நூறு டாலரில் மிச்சம் பிடிப்பது, பந்தலெல்லாம் போட்டுவிட்டு மேளத்துக்குக் காசில்லை என்பது மாதிரி.

"பிளாக் ஹீட்டர்தான் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்பது அடுத்த வாதம். கால்கரி, எட்மன்டன் பக்கம் வண்டிகளின் முன் கிரில்லிலிருந்து ஒரு பிளக் கயிறு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிங்கிலேயே மின்சார சாக்கெட் வைத்திருப்பார்கள். கம்மின்ஸின் பிளாக் ஹீட்டர் 750 வாட். மூன்று நான்கு மணி நேரம் செருகி வைத்தால் கூலன்ட் சூடாகி இன்ஜின் தை மாசத்து ஊட்டி மாதிரி இருக்கும், அலாஸ்கா மாதிரி இருக்காது. அருமையான விஷயம், நானே அதை விடமாட்டேன். ஆனால் சாக்கெட் இருக்கிற இடத்தில்தான் அது வேலை செய்யும். இன்டேக் ஹீட்டர் வண்டியோடு கூடவே வரும்.

நண்பரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. ராத்திரி அவர் வண்டி வீட்டு வாசலில், சாக்கெட்டோடு. ஆனால் பனி நாட்களில் விடிகாலை இரண்டு மணிக்குக் கடை வளாகங்களில் பனி வழித்துவிட்டு, ஆறு மணிக்கு எங்கேயோ நிறுத்திவிட்டுத் தூங்குவார். பத்து மணிக்குத் திரும்பக் கிளப்ப வேண்டும். அங்கே சாக்கெட் கிடையாது. கால்கரியில் ஷினூக் என்கிற வெப்பக் காற்று அடித்தால் ஒரே நாளில் மைனஸ் 20-இலிருந்து பூஜ்யத்துக்கு மேலே ஏறிவிடும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். இன்றைக்கு எத்தனை டிகிரி என்று நம்பி நிறுத்த முடியாத ஊர். அவருக்கு ஹீட்டர் வேண்டும்.

ஹீட்டர் இருக்கும் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. கிளம்பவில்லையே என்று ஈத்தர் ஸ்ப்ரேயை இன்டேக்கில் அடிக்காதீர்கள். உள்ளே பழுக்கக் காய்ந்த கம்பி காத்திருக்கிறது. ஈத்தர் அதில் பட்டால் மேனிஃபோல்டே வெடித்துக் கிளம்பும். இன்டேக் ஹீட்டரும் ஈத்தரும் ஒரே வண்டியில் சேரவே கூடாது. ஹீட்டரைக் கழற்றியவர்கள் அதற்குப் பதிலாக ஈத்தர் டப்பாவை வண்டிக்குள் வைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். அது பிஸ்டன் ரிங்கை அடித்து நொறுக்கும் பழக்கம்.

கம்பெனியே இந்த ஹீட்டரோடு நிறையப் பட்டுவிட்டது. 2021-இலும், மறுபடி 2023-இலும், புது மாடல் ராம் கனரக வண்டிகள் இந்த ஹீட்டரின் ரிலே சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று திரும்ப அழைக்கப்பட்டன. 2023-இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது. உங்களிடம் 2021 முதல் 2023 வரையிலான மாடல் இருந்தால், கழற்றுவதா மாற்றுவதா என்று யோசிக்கும் முன் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த இலவசப் பழுது நடந்துவிட்டதா என்று டீலரிடம் கேளுங்கள். 2025 மாடலிலோ கதையே மாறிவிட்டது. புது 6.7-இல் கிரிட் ஹீட்டரை எடுத்துவிட்டு, சீக்கிரம் காய்கிற குளோ பிளக் வைத்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து கம்மின்ஸ் பிக்கப்பும் ஃபோர்டும் செவர்லேயும் போன வழிக்கே வந்து சேர்ந்தது. கவனித்தீர்களா, அவர்களும் வெறும் தகடு போட்டு மூடவில்லை. சூட்டை வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

நண்பர் கடைசியில் மூன்றாவது வழிக்குப் போனார். வண்டியைப் பிரித்த அன்று மெக்கானிக் அனுப்பிய படத்தை எனக்குத் தட்டிவிட்டார். கரி அப்பிய தகட்டின் அடியில் அந்த போல்ட். தலைப்பக்கம் தடியாக இருக்கிறது, நட்டுப் பக்கம் தடியாக இருக்கிறது, நடுவில் கழுத்து மட்டும் பென்சில் சீவின மாதிரி மெலிந்து நீலம் பாய்ந்திருக்கிறது. நட்டு இன்னும் விழவில்லை. மெக்கானிக் விரலால் திருப்பினாராம், ஸ்பேனரே தேவைப்படவில்லையாம்.

ஜனவரியில் ஒருநாள் காலை மைனஸ் 28-இல், ஒரு கடை வளாகத்திலிருந்து மறுபடி போன். "அண்ணை, முள்ளு விழுந்து எழும்புது. லைட்டும் மங்கி மங்கி வருது. சரிதானே?"

"சரிதான். அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டு அப்புறம் எடுங்க" என்றேன்.